கண்ணாடியில் ஒட்டியிருந்த ரசீது: பிரிட்டன் டாக்ஸ் டிஸ்க்கை எடுத்தபோது நடந்தது

வாகன வரி கட்டியதற்கு அடையாளமான அந்த வட்டச் சீட்டைக் கிழியாமல் பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும். தாளின் நடுவே வட்டமாக, தபால் தலைக்கு இருப்பதுபோலச் சுற்றிலும் துளைகள். அந்தத் துளை வரிசையை முன்னும் பின்னும் மடித்து நகத்தால் நீவிவிட்டு, பிறகு மெல்லப் பிய்க்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு பக்கம் எலி கடித்த மாதிரி ஆகிவிடும். கிழக்கு லண்டனில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் அந்த வேலை வீட்டுக்கார அண்ணனுடையது. அடுக்களை மேசையில் உட்கார்ந்துதான் பிரிப்பார். அப்போது யாரும் மேசையை ஆட்டக்கூடாது. பிறகு காருக்குப் போய், முன்கண்ணாடியின் இடப்பக்கக் கீழ்மூலையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள், பழைய சீட்டுக்கு மேலே புதியதைச் செருகுவார். பழையதை எறிய மாட்டார். உறைக்குள் ஐந்தாறு வருட வரி அப்பளக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும்.

2014 அக்டோபர் 1-ம் தேதி அந்த வேலைக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. 1921 ஜனவரி 1 முதல் பிரிட்டனின் ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டியிருந்த டாக்ஸ் டிஸ்க் இனி தேவையில்லை என்று அரசு சொல்லிவிட்டது. வரி உண்டு, சீட்டுதான் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, போலீஸிடம் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா இருக்கிறது, பிறகு காகிதம் எதற்கு? அச்சடிப்பது, தபாலில் அனுப்புவது எல்லாம் மிச்சமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடி பவுண்ட் லாபம் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்த மாற்றத்துக்கு முன்பு, 2013-ல், வரி கட்டாமல் ஓடிய வண்டிகளால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு ஆண்டுக்கு 3.5 கோடி பவுண்ட் என்று மதிப்பிடப்பட்டது. 2015-ல் அது 8 கோடி. 2017-ல் 10.7 கோடி.

மிச்சம் பிடித்தது ஒரு கோடி, கைவிட்டுப் போனது ஏழு கோடி என்று பத்திரிகைகள் எழுதின. அப்படிச் சொல்வது சுலபம். கணக்கில் தப்பும் இல்லை. ஆனால் ஏன் அப்படி ஆனது என்பதற்கு எல்லாரும் சொன்ன காரணம், அதாவது சீட்டு கண்ணில் படாததால் ஜனங்கள் ஏமாற்றத் தொடங்கிவிட்டார்கள் என்பது, பாதிதான் சரி என்பது என் எண்ணம். மீதிப் பாதி அந்தச் சீட்டு சத்தமில்லாமல் பார்த்துவந்த இன்னொரு வேலையில் இருக்கிறது.

ரோடு டாக்ஸ் என்ற பெயர்

முதலில் பெயர். பேச்சில் 'ரோடு டாக்ஸ்' என்றாலும் சட்டப்படி இது வாகனத் தீர்வை. 1920-ல் வந்த சாலைச் சட்டத்தின்படி காருக்கு ஒரு குதிரைத்திறனுக்கு 1 பவுண்ட் என்று வசூலித்து, சாலைக்கென்றே தனியாக வைத்த நிதியில் போட்டார்கள். நிதி பெருத்தது. 1926-ல் நிதியமைச்சராக இருந்த சர்ச்சில் அதில் கைவைத்துப் பொதுச் செலவுக்கு எடுத்தார். 1937-லிருந்து வரிப்பணம் நேராகப் பொதுக் கஜானாவுக்கே போகத் தொடங்கியது. அதற்குப் பிறகு சாலை போடுவதற்கும் இந்த வரிக்கும் நேரடி முடிச்சு இல்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சைக்கிளில் போகிறவரைப் பார்த்து, "நீ என்ன ரோடு டாக்ஸா கட்டுகிறாய்?" என்று கார்க்காரர் கண்ணாடியை இறக்கிக் கத்துவதை லண்டனில் இன்றும் கேட்கலாம். கத்துகிறவரும் சாலைக்கென்று கட்டவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

வசூல் சின்னதல்ல. டிஸ்க் எடுக்கப்பட்ட காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 600 கோடி பவுண்ட் வந்துகொண்டிருந்தது. நிர்வகிப்பது வேல்ஸின் சுவான்சீ நகரத்தில் உள்ள டி.வி.எல்.ஏ. என்னும் ஓட்டுநர், வாகன உரிம முகமை. பிரிட்டனில் இருக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அங்கே ஒரு பதிவு உண்டு: எந்த நம்பர், யார் பெயரில், எந்த விலாசம், வரி எதுவரை.

சீட்டு இருந்தபோதும் ஏய்த்தார்கள்

டிஸ்க் இருந்த காலத்தில் எல்லாரும் ஒழுங்காகக் கட்டினார்கள் என்று நினைத்தால் தவறு. பியர் புட்டியின் வட்ட லேபிளை உறைக்குள் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டியவர்களைப் பற்றிப் பிரிட்டனில் கதை கதையாகச் சொல்வார்கள். கதைகளை விடுங்கள். 2006-ல் போக்குவரத்துத் துறையின் சொந்தக் கணக்கெடுப்பே ஏய்ப்பு சுமார் 5 சதவீதம் என்றது. மோட்டார் சைக்கிள்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒன்றுக்கும் மேல். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அதைப் பிடித்துக்கொண்டு துறையை வறுத்தெடுத்தது. அத்தனை வண்டியிலும் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்ற சட்டம் அப்போதும் இருந்தது. வரி கட்டியிருந்தும் சீட்டை வைக்காவிட்டால் அதற்கே தனியாக 200 பவுண்ட் வரை அபராதம்.

அந்த 5 சதவீதத்தைக் கீழே இறக்கியது வேறு விஷயங்கள். 1998-ல் ஒரு விதி வந்தது: வண்டியைச் சாலையில் ஓட்டவில்லை, கொட்டகையில் போட்டு வைத்திருக்கிறேன் என்றால், அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பை அங்கே 'சார்ன்' என்பார்கள். 2004-ல் அடுத்த படி: வரியும் இல்லை, சார்னும் இல்லை என்றால் வண்டியைச் சாலையில் யாரும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குக் கம்ப்யூட்டரே 80 பவுண்ட் அபராதக் கடிதம் அனுப்பிவிடும். 33 நாளுக்குள் கட்டினால் பாதி, 40 பவுண்ட்.

இது பெரிய திருப்பம். அதற்கு முன்பு ஏய்ப்பவரைத் தெருவில் பிடிக்க வேண்டும். ஒரு போலீஸ்காரரோ வார்டனோ குனிந்து சீட்டின் தேதியைப் பார்க்க வேண்டும். 2004-க்குப் பிறகு மேசையில் உட்கார்ந்தபடியே பிடிக்கலாம். சாலையில் கேமராக்களும் பெருகின. சக்கரத்துக்குப் பூட்டுப் போடும் ஒப்பந்தக்காரர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். ஏய்ப்பு விழுந்தது. 2011-ல் 0.7 சதவீதம், 2013-ல் 0.6 சதவீதம். ஆயிரம் வண்டியில் ஆறு. உலகத்தில் எந்த வரிக்கும் இது பொறாமைப்பட வைக்கும் எண்.

அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதிகாரிகள் யோசித்தார்கள். பிடிப்பது கம்ப்யூட்டர், பார்ப்பது கேமரா. அப்படியானால் சீட்டு வெறும் சம்பிரதாயம். அவர்கள் தர்க்கம் அசட்டுத்தனமானது என்று சொல்ல மாட்டேன். 2013 கடைசியில் நாடு முழுக்க இருந்த 39 உள்ளூர் டி.வி.எல்.ஏ. அலுவலகங்களையும் மூடினார்கள். டிசம்பர் 5-ம் தேதி நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் இலையுதிர்கால நிதி அறிக்கையில் டிஸ்க்கை எடுக்கப்போவதாக அறிவித்தார்.

அக்டோபர் 1

அன்று நடந்ததில் செய்தியானது இணையதளம் படுத்துக்கொண்டதுதான். நிமிடத்துக்கு 6,000 பேர் உள்ளே நுழைய முயன்றார்கள். பலருக்குப் பக்கமே திறக்கவில்லை. இன்னொரு பக்கம், பழைய டிஸ்க்குகளை இணைய ஏலத்தில் விற்கும் கூத்து. அந்தச் சீட்டுகளைச் சேகரிப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயரே உண்டு, 'வெலாலஜிஸ்ட்' என்று. அவர்களுக்கு அது பொற்காலம்.

இந்த இரண்டு சத்தத்திலும் மூன்றாவது ஒன்று அமுங்கிப்போனது. அதே நாளில் விற்பனை விதியும் மாறியது.

அதற்கு முன்பு பழைய கார் வாங்குவது எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையின் வரி விளம்பரத்தில் 'டி அண்ட் டி' என்று போட்டிருப்பார்கள். வரியும் கட்டியாயிற்று, எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்திரத் தகுதிச் சோதனையும் முடிந்தது என்று பொருள். 'எட்டு மாச டாக்ஸ்' என்றால் விலையில் நூறு பவுண்ட் கூடக் கேட்கலாம். சனிக்கிழமை போய்ப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, காசை எண்ணிக் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டால் காரோடு வரியும் கூடவே வந்துவிடும். சீட்டு கண்ணாடியில் இருக்கிறதே! வாங்கியவர் லாக்புக் எனப்படும் வண்டியின் பதிவு ஆவணத்தைத் தன் பெயருக்கு மாற்ற இரண்டு வாரம் சோம்பினாலும் வரி ஓடிக்கொண்டிருக்கும். வரி கட்டியது ஆள் அல்ல, கார். கோயில் யானைக்கு நெற்றிப்பட்டம் மாதிரி அது வண்டியோடு போகும்.

2014 அக்டோபர் 1 முதல் வரி ஆளோடு ஒட்டிக்கொண்டது. விற்றவர் தகவல் கொடுத்த நிமிடத்தில் வண்டியின் வரி செத்துவிடும். மிச்சமிருக்கும் முழு மாதங்களுக்கு அவருக்குப் பணம் திரும்பும். வாங்கியவர் வண்டியைத் தெருவுக்கு எடுப்பதற்கு முன்பே தன் பெயரில் புதிதாக வரி கட்ட வேண்டும். லாக்புக்கிலிருந்து கிழித்துக் கொடுக்கும் பச்சைத் துண்டில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும்; அதைப் போட்டு இணையத்திலோ போனிலோ கட்டலாம், தபால் நிலையத்திலும் கட்டலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 180 பவுண்ட், அதாவது மாதம் 15 பவுண்ட் வரியுள்ள கார். 14-ம் தேதி கைமாறுகிறது. விற்றவருக்கு அந்த மாதத்தின் மிச்ச நாட்களுக்குக் காசு வராது, அடுத்த மாதத்திலிருந்துதான் கணக்கு. வாங்கியவரோ அந்த மாதம் 1-ம் தேதியிலிருந்தே கட்ட வேண்டும். ஒரே காருக்கு ஒரே மாதத்தில் அரசுக்கு இரண்டு 15. வருடத்துக்கு லட்சக்கணக்கில் பழைய வண்டிகள் கைமாறும் நாட்டில் இது நல்ல சில்லறை. ஆனால் அதே விதியின் இன்னொரு முனையில்தான் கசிவும் இருந்தது.

விற்கிறவருக்குத் தகவல் சொல்ல அவசரம் உண்டு, பணம் திரும்ப வருமே. அதனால் வரி உடனே செத்துவிடும். வாங்குகிறவருக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. கண்ணாடியில் காலியான உறை இல்லை, காலாவதித் தேதி இல்லை. முந்தைய காரில் சீட்டோடு வாங்கிப் பழகியவர். இந்த விதி அவர் காதில் விழுந்தே இருக்காது. புதுப்பிக்கும் நினைவூட்டல் கடிதம் வருமா என்றால், பதிவேட்டில் அவர் பெயர் ஏறினால்தானே வரும்! பெயர் ஏறும்வரை சுவான்சீயின் கம்ப்யூட்டருக்கு அந்தக் கார் முகவரியில்லாத கடிதம்.

2004 முதல் பத்து வருடம் ஏய்ப்பை அடக்கிவைத்த பதிவேடு, யார் வண்டியை வைத்திருக்கிறார் என்பது தெரியும்வரைதான் பலசாலி. கைமாறும் அந்தச் சில நாள், சில வாரம் அதற்குக் கண் தெரியாது. முன்பு அந்த இடைவெளியைச் சீட்டு மூடியிருந்தது: வரி வண்டியிலேயே இருந்ததால் இடைவெளி இருந்தாலும் பணம் போகவில்லை. சீட்டை ரசீதாக மட்டும் பார்த்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

எண்கள்

ஏய்ப்பை எப்படி அளக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் எண்களைப் போடுவது நியாயமில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் மாதத்தில், நாடு முழுக்க 250-க்கும் மேற்பட்ட இடங்களில் சாலையோரம் கேமரா வைத்து நம்பர் பிளேட்டுகளைப் படிக்கிறார்கள். லட்சக்கணக்கில் சேரும் அந்த நம்பர்களை டி.வி.எல்.ஏ. பதிவேட்டோடு ஒப்பிட்டு, அந்த நேரத்தில் வரியில்லாதது எத்தனை என்று எண்ணுகிறார்கள். அடிக்கடி ஓடும் கார் கேமராவில் அடிக்கடி சிக்கும், எப்போதாவது எடுக்கும் கார் சிக்காது என்பதால் அதற்கும் ஒரு திருத்தம் போட்டு, மொத்தத்தில் எத்தனை வண்டி, எவ்வளவு பணம் என்று மதிப்பிடுவார்கள். யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்காமல் எடுக்கும் கணக்கு. அதனால் இதை நம்பலாம்.

சாலையில் ஓடிய வண்டிகளில் வரியில்லாதவை 2013-ல் 0.6 சதவீதம். 2015-ல் 1.4. 2017-ல் 1.8. 2019-ல் கொஞ்சம் இறங்கி 1.6. 2021-ல் 1.9. வண்டிகளின் எண்ணிக்கையாகச் சொன்னால் 2.1 லட்சம் என்பது 5.6 லட்சமாகி, பிறகு 7.55 லட்சம், 6.34 லட்சம், 7.19 லட்சம். பணமாக 3.5 கோடி பவுண்ட் 8 கோடியாகி, 10.7, 9.4, 11.9 கோடி என்று போனது.

2017 கணக்கெடுப்பில்தான் எனக்கு மிக முக்கியமாகப் படும் வரி இருக்கிறது. வரியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, முந்தைய செப்டம்பருக்குப் பிறகு கைமாறியவை. அதாவது ஒன்பது பத்து மாதத்துக்குள் புது ஆளிடம் போனவை.

இதைப் பத்திரிகைகள் ஒரு வரியில் தாண்டிவிட்டன. 'ஏய்ப்பவர் மும்மடங்கு' என்றால்தான் தலைப்பு நிற்கும். ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கை வைத்துப் பார்த்தால் 'ஏய்ப்பவர்' என்ற சொல்லே கொஞ்சம் இடறுகிறது. பாதி நாட்டுக்குச் சரியாகச் சொல்லப்படாத ஒரு விதியை அறியாமல், ஞாயிற்றுக்கிழமை வாங்கிய காரைத் திங்கட்கிழமை வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறவரும் அந்த 7.55 லட்சத்தில் ஒருவர். மூன்று வருடமாக வேண்டுமென்றே கட்டாதவரும் ஒருவர். கேமராவுக்கு இருவரும் ஒன்றுதான்.

எதிர்க்கேள்வி

அப்படியானால் டிஸ்க்கை எடுத்ததற்கும் இழப்புக்கும் சம்பந்தமில்லையா? இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட வழியில்லை, ஏனென்றால் இரண்டு மாற்றத்தையும் ஒரே நாளில் செய்தார்கள். மருந்தையும் பத்தியத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்பது மாதிரி. முதல் வருடம் விற்பனை விதியை மட்டும் மாற்றி, சீட்டை அடுத்த வருடம் எடுத்திருந்தால் நமக்கு இன்று பதில் தெரிந்திருக்கும்.

கைமாறாத மீதி மூன்றில் இரண்டு பங்கை விற்பனை விதியால் விளக்க முடியாது. அங்கேதான் சீட்டின் நினைவூட்டும் வேலை வருகிறது. வருடத்தில் நூறு தடவை காரில் ஏறுகிறவர் அந்த மாதப்பெயரை நூறு தடவை பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார், நடைபாதையில் போகிற வார்டன் பார்க்கிறார். இப்போதும் யாருடைய நம்பரையும் அரசின் இணையதளத்தில் போட்டு வரி இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு நம்பரை மெனக்கெட்டு யார் தட்டிப் பார்க்கப் போகிறார்?

மறதிக்கு மாற்று மருந்தும் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2014 நவம்பரிலிருந்து வங்கியிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும் டைரக்ட் டெபிட் வந்தது. மாதத் தவணையாகவும் கட்டலாம், 5 சதவீதம்தான் கூடுதல். முன்பு ஆறு மாதத்துக்குக் கட்டினால் 10 சதவீதம் கூடுதலாக இருந்தது. கையில் மொத்தமாகக் காசில்லாதவர்களுக்கு இது நிஜமான உதவி, மறக்கவும் வாய்ப்பில்லை. இது மட்டும் இல்லாதிருந்தால் எண்கள் இன்னும் மோசமாகியிருக்கும் என்பது என் ஊகம். ஆனால் டைரக்ட் டெபிட்டும் ஆளோடு ஒட்டியது. கார் கைமாறினால் அது கூடப் போகாது.

பிடிபட்டால்

ஏய்ப்பின் விலையை அரசின் பக்கம் மட்டும் பார்க்கக்கூடாது. வரியில்லாத காரைத் தெருவில் நிறுத்தியிருக்கிறீர்கள். கேமரா பொருத்திய வேன் ஒன்று மெதுவாக அந்தத் தெரு வழியே போகிறது. அதற்குள் திரையில் உங்கள் நம்பர் சிவப்பாக விழுகிறது. காலையில் வந்து பார்த்தால் முன்சக்கரத்தில் மஞ்சள் இரும்பு. கண்ணாடியில் சுரண்டினாலும் போகாத ஸ்டிக்கர். 24 மணி நேரத்துக்குள் பூட்டை எடுக்க 100 பவுண்ட். அத்தோடு, வரி கட்டிய ஆதாரம் உடனே காட்ட முடியாவிட்டால் கார் ஒன்றுக்கு 160 பவுண்ட் ஈட்டுத்தொகை. 15 நாளுக்குள் வரி கட்டிக் காட்டினால் அது திரும்பக் கிடைக்கும். 24 மணி நேரம் தாண்டினால் வண்டி தூக்கிப் போகப்படும். அப்போது விடுவிக்க 200 பவுண்ட், அங்கே கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 21 பவுண்ட். நான்கு நாள் விட்டால் 284. யாரும் மீட்க வராவிட்டால் ஏலம், அல்லது இரும்புக் கடையின் நசுக்கும் எந்திரம். வழக்காகிப் போனால் 1,000 பவுண்ட் வரை, அல்லது வரியின் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. சார்ன் போட்டுவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் உச்சம் 2,500.

அதனால் கிடைக்கும் ஒரு விபரீதம்: ஏய்ப்பு பழைய வண்டிகளில்தான் அதிகம். அறுநூறு எழுநூறு பவுண்டுக்கு வாங்கிய காருக்கு முந்நூறு பவுண்ட் மீட்புச் செலவு என்றால், சிலர் காரையே விட்டுவிடுகிறார்கள். அரசுக்கு வரியும் இல்லை, கட்டணமும் இல்லை. ஒப்பந்தக்காரருக்கு ஒரு பழைய இரும்பு. சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கும் அந்த ஆள் நாளைக்கே இன்னொரு பழைய கார் வாங்குவார், மறுபடி ஒரு பச்சைத் துண்டோடு.

இழப்பு எண்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 10.7 கோடி, 11.9 கோடி என்பதெல்லாம் அடியோடு போன காசு அல்ல. அபராதத்தாலும், தாமதமாகக் கட்டுகிறவர்களாலும் அதில் ஒரு பகுதி திரும்பி வரும் என்று துறையே சொல்கிறது. ஆனால் அதைத் திரும்பக் கொண்டுவர வேன், கேமரா, கடிதம், நீதிமன்றம் எல்லாம் வேண்டும். காகிதத்தில் மிச்சம் பிடித்தது இரும்புப் பூட்டில் செலவாகிறது.

நம் பக்கத்தில்

இதைப் படிக்கும் இலங்கைத் தமிழருக்கு இந்தக் கதை வேறு மாதிரி ஒலிக்கும். பிரிட்டிஷ் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சியாக அங்கே ஆண்டுதோறும் எடுக்கும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் இன்னும் முன்கண்ணாடியில்தான் இருக்கிறது. மாகாண சபைகள் வசூலிக்கின்றன. பிரதேச செயலகத்தில் காப்புறுதிச் சான்றையும் புகைப் பரிசோதனைச் சான்றையும் நீட்டினால்தான் பத்திரம் கிடைக்கும். இணையத்தில் கட்டும் வசதி வந்த பிறகும் கண்ணாடிச் சீட்டை விடவில்லை. வீதியில் மறிக்கும் பொலிஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கும் பைக்குக்கும் வாங்கும்போதே ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். ஆண்டுதோறும் மறப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால் நம்மூரில் ஏய்ப்பு வேறு உருவம் எடுக்கிறது: வரி குறைவான பக்கத்து மாநிலத்தில் ஒரு விலாசம் காட்டிப் பதிவு செய்துவிட்டு இங்கே ஓட்டுவது. வெளிமாநில நம்பர் போட்ட ஆம்னி பஸ்களோடு 2024 ஜூனில் நம் போக்குவரத்துத் துறை மல்லுக்கு நின்றது நினைவிருக்கும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே வேண்டியது ஒன்றுதான்: கசிவு மறதியால் வருகிற இடம் வேறு, கணக்குப் போட்டு வருகிற இடம் வேறு. பிரிட்டனில் நடந்தது முதல் வகை அதிகம். ஆனால் இரண்டாம் வகைக்கான சாட்டையை எடுத்து அடித்தார்கள்.

அடுத்த சீட்டு

மின்சாரக் கார்களுக்குப் பல வருடம் வரி பூஜ்யம். ஆனால் பூஜ்யம் என்றாலும் 'கட்ட' வேண்டும். வருடந்தோறும் இணையத்தில் போய் 0 பவுண்டுக்கு வரி எடுக்காவிட்டால் அதுவும் வரியில்லா வண்டிதான். 2025 ஏப்ரல் 1 முதல் அவையும் நிஜமாகவே கட்டுகின்றன. பெட்ரோல் விற்பனை குறையக் குறைய எரிபொருள் தீர்வை வருமானம் கரைவதால், 2028 ஏப்ரலிலிருந்து மின்சாரக் காருக்கு மைலுக்கு 3 பென்ஸ் வசூலிக்கப் போவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தார்.

மைல் கணக்கு என்றால் மீட்டர் படிக்க வேண்டும். நடு வருடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஓட்டிய நாலாயிரம் மைலோடு கார் கைமாறினால் அந்த மைல்களுக்கான காசு விற்றவர் தலையிலா, வாங்கியவர் தலையிலா? வீட்டுக்கார அண்ணன் இப்போது மின்சாரக் கார்தான் வைத்திருக்கிறார். முன்கண்ணாடியின் கீழ்மூலையில் பழைய காரிலிருந்து கழற்றிவந்த அந்தக் காலி பிளாஸ்டிக் உறையை ஒட்டி, பார்க்கிங் சீட்டு செருகிக்கொள்கிறார்.